பொறாமைக்கு ஒரு ஊசி

"ராஜா! இங்க வாடா கண்ணு!"

சமையலறையிலிருந்து கோமளவல்லியின் குரல் வந்ததும் கூடத்தில் இரண்டு தலைகள் நிமிர்ந்தன. ஒன்று, பஞ்சு மூட்டை மாதிரி இருந்த வெள்ளைப் பொமரேனியன் குட்டியின் தலை. மற்றது, வீட்டுக்காரர் நாகராஜனின் தலை. குட்டி குடுகுடுவென்று உள்ளே ஓடியது. நாகராஜன் செய்தித்தாளை மறுபடி முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

துப்பறியும் நிபுணர் நீலமேகம் இரண்டு தலைகளையும் பார்த்தார். எதுவும் பேசவில்லை.

அவருடைய உதவியாளன் சிங்காரத்துக்குப் பேசாமல் இருக்க வராது. "மெட்ராஸ்ல கொலைக் கேசு, கொள்ளைக் கேசுன்னு கௌரவமா இருந்தோம் சார். மலைக்கு வந்து ஒரு மொட்டை போட்டேன், நாய்க் கேசுக்கு எறங்கிட்டோம். இன்னொரு மொட்டை போட்டா கோழிக் கேசுதான்" என்று அவர் காதைக் கடித்தான். அவன் தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை.

மஞ்சள் காமாலை தீர்ந்தால் திருத்தணியில் முடி இறக்குவதாக சிங்காரம் வேண்டிக்கொண்டிருந்தான். இறக்கிவிட்டு இருவரும் மலையிலிருந்து கீழே வந்தபோதுதான் சாமிநாதன் ஓடிவந்து நீலமேகத்தின் கையைப் பிடித்தான். அவன் நாகராஜனின் தம்பி. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பின்பக்கத்து ஷெட்டில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். பேப்பரில் வந்த படத்தை வைத்து நீலமேகத்தை அடையாளம் கண்டுபிடித்திருந்தான்.

"வெள்ளிக்கிழமை சார்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். "எங்க அண்ணி மலைக்குப் போயிருந்தாங்க. அவங்க வந்துகினு இருக்கற நேரத்துல என் சம்சாரம் ஜெயம்மா குட்டிக்குப் பால் ஊத்தி வெச்சிருக்கா. குடிச்ச கொஞ்ச நேரத்துல வாந்தி. மூஞ்சி வீங்கிப்போய் கண்ணே தெரியல. அப்படியே சாஞ்சிடுச்சு. அண்ணி பார்த்துட்டு, 'பொறாமைல வெஷம் வெச்சிட்டியாடி'ன்னு தெருவுக்கே கேக்கறாப்பல கத்தினாங்க. உப்புத் தண்ணி ஊத்தினாங்க, என்னென்னவோ பண்ணாங்க. சாயங்காலத்துக்குள்ள எப்படியோ பொழைச்சுகிச்சு. ஆனா ஜெயம்மா..."

"என்ன சொன்னாங்க?"

"அதான் சார், ஒரு வார்த்தை பேசல. பசங்க ரெண்டையும் இட்டுகினு பள்ளிப்பட்டுக்கு, அவ நைனா வூட்டுக்குப் போயிட்டா. வெஷக்காரின்னு பேர் கட்டின வூட்டுக்கு என் பொண்ணை இனிமே அனுப்ப மாட்டேன்றார் மாமனார். அவ அங்க சரியா சாப்பிடறதுகூட இல்லையாம்."

"அவங்களுக்கு நாயைப் பிடிக்காதோ?"

சாமிநாதன் தயங்கினான். "புடிக்காதுதான் சார். எம்பசங்களுக்கு ஒரு டம்ளர் பாலு, அதுக்கு ரெண்டு டம்ளரான்னு கேட்டிருக்கா. தெருவுக்கே தெரியும். ஆனா கொல்ற மனசு கிடையாது சார் அவளுக்கு."

இப்போது அந்தக் கூடத்தில் நாகராஜன் செய்தித்தாளை மடித்தார். ஐம்பதை நெருங்கும் வயசு. மடிப்புக் கலையாத வேட்டி. தெருவிலேயே டி.வி. இருந்த ஒரே வீடு அவருடையது. அதன் எதிரில் இருந்த சாய்வு நாற்காலியில் மெத்தை போட்டிருந்தது. அந்த மெத்தை முழுக்க வெள்ளை மயிர். அவர் உட்கார்ந்திருந்தது பக்கத்திலிருந்த மர ஸ்டூலில்.

"தம்பி கூப்பிட்டான்னு வந்துட்டீங்க. நாய்க்கெல்லாமா துப்பறிவாங்க சார்? அதான் பொழைச்சிடுச்சே. விட்டுடுங்க" என்றார்.

கோமளவல்லி காபி டம்ளர்களோடு வந்தாள். பின்னாலேயே குட்டி. "ஆறிப்போயிருக்கும், தப்பா நினைச்சுக்காதீங்க. பிளாஸ்க் ஒடைஞ்சு போச்சு."

"எப்போம்மா?" என்றார் நீலமேகம்.

"அதே வெள்ளிக்கிழமைதான். அவதான் ஒடைச்சா. வெஷம் வெக்கப்போற கை நடுங்காம இருக்குமா?"

"கீழே போட்டுட்டாங்களா?"

"இல்லைங்க. தறிக்காரங்களுக்குக் காபி ஊத்தியிருக்கா. மேடை மேல நின்னது நின்னபடி, உள்ள இருக்கற கண்ணாடி படார்னு வெடிச்சுதாம். இது என்ன சகுனமோன்னு தறிக்காரங்களே சொன்னாங்க."

அவள் குட்டியை வாரி மடியில் வைத்துக்கொண்டாள். கண்கள் கலங்கின. "அவளுக்கு ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க இருக்குதுங்க சார். கல்யாணமாகி இத்தனை வருசத்துல எனக்குன்னு வந்தது இது ஒண்ணுதான். இதுவும் அவ கண்ணுக்கு ஆகல."

நீலமேகம் குனிந்து குட்டியைத் தடவிக் கொடுத்தார். கழுத்துக்குக் கீழே, இரண்டு தோள்களுக்கும் நடுவில் விரல் பட்டதும் அது 'கீச்' என்று கத்தியது. அந்த இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி.

"இதுக்கு ஊசி ஏதாவது போட்டீங்களாம்மா?"

"போன மாசம் ஒண்ணு போட்டாச்சு. ஊசியைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வந்துடும். அவர்தான் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கினு போனாரு."

"நல்லது" என்று நீலமேகம் எழுந்துகொண்டார். "கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வரோம்."

தெருவுக்கு வந்ததும் சிங்காரம் ஆரம்பித்தான். "காபி ஆறிப்போனதுக்காக வெளிநடப்பா சார்?"

"போன மாசம் குத்தின இடம் இன்னுமா வலிக்கும்?"

சிங்காரம் மொட்டையைத் தடவினான்.

"விஷம்னா வாந்தி வரும், வலிப்பு வரும். முகம் கொழுக்கட்டை மாதிரி வீங்குமா?" என்றார் நீலமேகம். "நம்ம மாடி வீட்டுக்காரங்க ஒரு குட்டி நாய் வெச்சிருந்தாங்களே, ஞாபகம் இருக்கா? தடுப்பூசி போட்டுட்டு ரிக்ஷாவுல வந்து இறங்கறதுக்குள்ள அதுக்கு முகம் இப்படித்தான் வீங்கிச்சு. சில குட்டிகளுக்கு ஒத்துக்காது. இதுக்கும் வெள்ளிக்கிழமை காலையில யாரோ ஊசி போட்டிருக்காங்க. பால் மேல பழி விழுந்துடுச்சு."

"சரி சார். பிளாஸ்க் மேல ஏன் இவ்வளவு அக்கறை?"

"தடுப்பூசி மருந்தை எப்படி எடுத்துட்டு வருவாங்க?"

"சட்டைப் பையில."

"கெட்டுப்போயிடும்டா. ஐஸ்ல வெச்சுத்தான் கொண்டு வரணும்."

சிங்காரம் நடுத் தெருவில் நின்றுவிட்டான். "ஐஸ் இருந்த பிளாஸ்க்குல கொதிக்கக் கொதிக்கக் காபியை ஊத்தினா..."

"ஜெயம்மா ஊத்தினாலும் வெடிக்கும், நீ ஊத்தினாலும் வெடிக்கும். நடுக்கத்துக்கும் சகுனத்துக்கும் அதுல வேலை இல்லை. இந்த ஊர்ல ஐஸ் எங்கே கிடைக்கும்னு விசாரி."

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், மரத்தூளும் ஈரக் கோணியுமாக ஒரு ஐஸ் டிப்போ இருந்தது. அதை நடத்துகிற ஆறுமுகம் கல்யாண வீட்டுக்கு ஐஸ் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து முகம் மலர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் மலர்ச்சி கொஞ்சம் குறைந்தாலும் பேச்சு குறையவில்லை.

"பிளாஸ்க்குல ஐஸா? ஆங், தறிக்கார நாகராஜன்தான். பிளாஸ்க்குல ஐஸ் கேட்ட மொத ஆளுங்க அவரு. வியாழக்கிழமை மெட்ராஸ் ரயில்ல வந்து எறங்கி, சின்ன மருந்து பாட்டில் ஒண்ணைக் குடுத்து, ஐஸ் பொட்டியில வெச்சிருக்கச் சொன்னாரு. காலையில பிளாஸ்க்கோட வந்து எடுத்துகினு போனாரு. இன்னா மருந்துன்னு கேட்டேன். டிஸ்டம்பர்ன்னாரு."

"டிஸ்டம்பரா?" என்றான் சிங்காரம். "அது சுவத்துக்கு அடிக்கிறதாச்சே! வெள்ளை நாய்க்கு எதுக்கு சார் வெள்ளையடிக்கணும்?"

"நாய்க்கு வர்ற நோய்டா அது. அதுக்குத் தடுப்பூசி" என்றார் நீலமேகம். "அப்புறம் எங்கே போனார்?"

"ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் ஏறினாரு. கையில ஒரு துணிப்பை. பை தானா ஆடிகினு இருந்துச்சு. கோழி வாங்கினு போறார்னு நெனச்சேன்."

"சொன்னேன் பாருங்க, கோழிக் கேசு வரும்னு" என்றான் சிங்காரம்.

திரும்பும்போது நீலமேகம் கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். நாகராஜன் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். டாக்டர் சடகோபன் வியாழக்கிழமையே கிராமங்களுக்கு மாட்டுக் கேம்ப் போய்விட்டார் என்றும், இன்று மாலை வந்துவிடுவார் என்றும் வாசலில் இருந்த ஊழியர் சொன்னார். டாக்டர் வந்ததும் குட்டியைப் பார்க்க நாகராஜன் வீட்டுக்கு ஒரு நடை வர வேண்டும் என்று நீலமேகம் சொல்லிவிட்டு நடந்தார்.

பொழுது சாயும் நேரம். தறிச் சத்தம் நின்றிருந்தது. கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்துவிட்டு நீலமேகம் சுற்றி வளைக்காமல் பேசினார். கட்டி. பிளாஸ்க். ஐஸ். ஆர்.கே.பேட்டை பஸ்.

சாமிநாதன் எழுந்தே விட்டான். "அண்ணா! நீயா தூக்கினு போனே? அப்ப ஏன் அன்னிக்கு வாயை மூடிகினு நின்னே? என் சம்சாரத்தை வெஷக்காரின்னு சொல்றப்ப நின்னுகினு இருந்தியே!"

நாகராஜனின் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.  மெதுவாகச் சொன்னார்.

"பின்னாடித் தெருவுல நாய்க்குட்டிங்க வலிப்பு வந்து இழுத்துகினு இழுத்துகினு செத்துச்சுங்க. அந்த நோவு இதுக்கும் வந்தா இவ தாங்க மாட்டாளேன்னு பயந்தேன். டாக்டர் கேம்ப்புக்குப் போயிட்டாரு. ஆர்.கே.பேட்டையில ரிடையர் ஆன கம்பவுண்டர் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட போட்டேன். இவளுக்குத் தெரியாம செஞ்சு, அப்புறமா சொல்லலாம்னு... வந்தா இப்படி ஆயிடுச்சு. நான்தான் கொன்னேன்னு சொல்லிடுவாளோன்னு வாயே வரல."

கோமளவல்லி புருஷனையே பார்த்தாள். "எனக்காகவா போனீங்க?"

"ஆங்."

"நான் கெஞ்சாம அதைத் தொடக்கூட மாட்டீங்களே! எனக்காகத் தூக்கினு பஸ் ஏறினீங்களா?" அவள் குட்டியை மடியிலிருந்து இறக்கிவிட்டு, கணவனின் அருகில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பேருக்கு நடுவில் அவள் அப்படிச் செய்வது அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். நாகராஜனின் முகம் சிறு பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. சாமிநாதனின் கோபம்கூடப் பாதி இறங்கியது.

"கேஸ் முடிஞ்சுது சார்" என்று சிங்காரம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கிளம்பலாமா?"

"உட்கார்" என்றார் நீலமேகம்.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. புழுதி படிந்த கால்சட்டையோடு டாக்டர் சடகோபன் உள்ளே வந்தார். குட்டியைத் தூக்கி வாயைத் திறந்து பார்த்தார். கட்டியைத் தொட்டுப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இதுக்கு யார் மறுபடியும் ஊசி போட்டது?" என்று நேரே நாகராஜனிடம் திரும்பினார். "உங்ககிட்ட அவ்வளவு தூரம் சொன்னேனே!"

கோமளவல்லியின் கை கணவனின் கையிலேயே இருந்தது. "என்ன சொன்னீங்க டாக்டர்?"

"போன மாசம் நான் ஊசி போட்டப்பவே முகம் வீங்கிடுச்சும்மா. மாத்து மருந்து குடுத்து, இறங்கற வரைக்கும் ஆஸ்பத்திரியிலேயே வெச்சிருந்துதான் அனுப்பினேன். உங்களுக்குத் தெரியாதா? சின்ன ஜாதிக் குட்டிங்களுக்குச் சில சமயம் இப்படி ஆகும். பெரிய நாய்க்குப் போடற அதே அளவு மருந்துதான் இதுக்கும், உடம்பு இத்துனூண்டு. மறுபடி போட்டா மூச்சே நின்னுடலாம், என்னைக் கேக்காம எங்கேயும் போட்டுடாதீங்கன்னு இவர்கிட்ட தெளிவா சொன்னேன்."



"இன்னும் ஒண்ணு கேக்கணும் டாக்டர்" என்றார் நீலமேகம். "நீங்க கேம்ப் போகப்போறது இவருக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமே. போன வாரம் வந்து கேட்டாரே, மாடு வாங்கப்போறேன், நீங்க எப்ப ஊர்ல இருக்க மாட்டீங்கன்னு." சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னதன் அர்த்தம் டாக்டருக்கே புரிந்தது.

நீலமேகம் நாகராஜன் பக்கம் திரும்பினார். "முன்னாடி வீங்கினதை அந்தக் கம்பவுண்டர்கிட்ட சொன்னீங்களா?"

நாகராஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோமளவல்லி தன் கையை இழுத்துக்கொண்டாள்.

அதுதான் அவரை உடைத்தது. எழுந்து நின்று கத்தினார்.

"ஆமாண்டி! சாவட்டும்னுதான் போனேன்! இட்லி வெந்தா மொத இட்லி அதுக்கு. டி.வி. போட்டா நாற்காலி அதுக்கு. ராத்திரி நமக்கு நடுவுல அது. நான் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ நீ அதைத் தடவற மாதிரி ஒரு நாள் என் தலையைத் தடவினியா? எல்லாத்தையும் பொறுத்துகினேன். ஆனா என் பேரு... புருசன் பேரைச் சொல்லக் கூடாதுன்னு ஒரு நாள்கூட வாய் தொறந்து என்னைக் கூப்பிட்டதில்ல நீ. அதுல பாதியை அதுக்கு வெச்சு, பொழுதினைக்கும் ராஜா ராஜான்னு... நீ கூப்பிடறப்பல்லாம் என்னைத்தான் கூப்பிடறியோன்னு திரும்பித் திரும்பிப் பார்த்து என் கழுத்தே வலிக்குதுடி!"

கோமளவல்லி அவரை அடிக்கப்போகிறாள் என்று சாமிநாதன் பயந்து முன்னால் வந்தான். அவள் அடிக்கவில்லை. அவள் குரல் எழும்பவே இல்லை.

"அந்தப் பேரை ஏன் வெச்சேன்னு ஒரு நாள் கேட்டிருக்கலாமில்ல? எல்லாரும் உங்களை நாகராஜா, நாகராஜான்னு வாய் நிறையக் கூப்பிடறாங்க. எனக்கும் ஆசையா இருக்காதா? எங்க அம்மா வளர்த்த வளர்ப்பு, நாக்கு வரல. நாய்க்கு வெச்சா யார் கேக்கப்போறாங்கன்னு வெச்சேன்."

நாகராஜன் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.   தரையிலிருந்த குட்டி அவர் காலை மோந்து பார்த்துவிட்டு நக்கியது. அவர் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அதைத் தொடவும் இல்லை. முகத்தை மேல்துண்டால் மூடிக்கொண்டார்.



கோமளவல்லி குட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "சாமிநாதா, பள்ளிப்பட்டுக்குப் பஸ் இருக்குதா?"

"இருக்குது அண்ணி."

"கெளம்பு."

அவர்களோடு நீலமேகமும் போனார். நாகராஜனைத் தனியாக விடக் கூடாது என்று சிங்காரத்தை அங்கேயே இருக்கச் சொன்னார். போகும் வழியெல்லாம் கோமளவல்லி ஜன்னல் பக்கம் திரும்பியபடியே வந்தாள்.

பள்ளிப்பட்டில் ஜெயம்மாளின் தகப்பனார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "எதுக்கும்மா வந்தே? இன்னும் என்ன பழி பாக்கி?"

"உள்ள விடவேணாம் பெரியப்பா. இங்கிருந்தே சொல்றேன்" என்றாள் கோமளவல்லி. எதிர் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே அவள் குரலை உயர்த்தினாள். "ஜெயம்மா வெஷம் வெக்கல. நான் தெருவுல நின்னு பழி போட்டேன், தெருவுல நின்னே சொல்றேன். அவளுக்கு ரெண்டு புள்ளைங்கன்னு எனக்குத்தான் பொறாமை. செஞ்சது எம்புருசன்."

உள்ளேயிருந்து ஜெயம்மாள் வந்தாள். முகம் வாடி, தலை வாராமல் இருந்தாள். நீலமேகம் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். அவள் முழுதும் கேட்டுவிட்டு முதலில் கேட்டது புருஷனின் அண்ணனைப் பற்றித்தான்: "பாவா இப்ப தனியாவா இருக்காரு?"

"என் ஆள் ஒருத்தனை விட்டுட்டு வந்திருக்கேன்மா. அவன் பேச ஆரம்பிச்சா உங்க பாவாவுக்கு வேற எதையும் யோசிக்க நேரம் இருக்காது" என்றார் நீலமேகம். "ஒண்ணே ஒண்ணு எனக்குப் புரியல. ஒரு தப்பும் பண்ணாதவங்க அன்னிக்கு ஏன் வாயே திறக்கல?"

ஜெயம்மாள் கோமளவல்லியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். "பால் ஊத்தறப்போ, இது செத்துத் தொலைஞ்சா நல்லாயிருக்கும்னு நெனச்சேங்க. நெனச்சு முடிக்கல, அப்படியே சாஞ்சிடுச்சு. நான் நெனச்சதாலதான் ஆச்சோன்னு நடுங்கிப்போயிட்டேன். அக்கா கத்தினப்போ எதிர்த்துப் பேச எனக்கு யோக்கியதை இருக்கறதாத் தோணல."

 ஜெயம்மாளின் சின்ன மகன் அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தொட்டால் அழுக்காகிவிடும் என்று இத்தனை நாளும் விரட்டிய கோமளவல்லி, குனிந்து குட்டியை அவன் கையில் கொடுத்தாள்.

பிறகு ஜெயம்மாளிடம் சொன்னாள்: "நாளைக்கு என்கூட வா ஜெயம்மா. அந்த மனுசனை நான் மன்னிக்கணுமா வேணாமான்னு எனக்குத் தெரியல. உன் பேரும் இதுல கெட்டுப்போச்சு. ரெண்டு பேருமா உட்கார்ந்து முடிவு பண்ணலாம்."

ஜெயம்மாள் தகப்பனாரைப் பார்த்தாள். அவர் வாசலை விட்டு நகர்ந்து நின்றார்.

"மொதல்ல உள்ள வந்து சாப்புடுக்கா" என்றாள் ஜெயம்மாள். "எனக்கும் பசிக்குது."